லண்டனா, சென்னையா, ஸ்பெயினா: டிக்கெட் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு

ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையை, எங்கே செய்துகொள்ளலாம் என்று இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் வருவது பணக்கணக்குதான். இங்கே தனியாரில் ஒரு சைக்கிளுக்கு, அதாவது ஒரு முறை முழுச் சிகிச்சைக்கு, 5,000 பவுண்டுக்குக் குறையாது, மருந்தும் டெஸ்ட்டும் சேர்ந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சென்னையில் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்பார்கள், இரண்டு பேருக்கு விமான டிக்கெட் போட்டாலும் கையில் மிஞ்சும். இந்தக் கணக்கில் தப்பில்லை, நாங்களும் போட்டோம். ஆனால் ஐந்தாறு வாரம் வேறு ஊரில், வேறு வீட்டில், ஊசியும் ஸ்கேனுமாக இருந்துவிட்டு ஒரு பதிலோடு திரும்பி வருவது மனசை என்ன செய்யும் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

நான் லண்டனிலும் சென்னையிலும் சிகிச்சை எடுத்தவள். எங்களுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று இங்கே எழுதப் போவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. எழுதினால், குழந்தை கிடைத்த ஊர்தான் சரியான ஊர் என்று படிப்பவர்கள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கும் எச்எஃப்இஏ அமைப்பின் புள்ளிவிவரப்படி, 35 வயதுக்குக் கீழே இருக்கும் பெண்களுக்கே கருப்பையில் ஒரு கருவை வைத்தால் அது குழந்தையாகப் பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 43, 44 வயதில் சொந்த முட்டை என்றால் நூற்றுக்கு ஐந்து. எந்த ஊருக்குப் போனாலும் இதே வயதோடும் இதே உடம்போடும்தான் போகிறோம். அதனால் ‘இல்லை’ என்ற பதில் வருவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் கிளம்ப வேண்டும். அந்த பதில் வரும் நாளில் நீங்கள் எந்த ஊரில், யார் வீட்டில், யார் பக்கத்தில் இருக்கப் போகிறீர்கள்? நான் மூன்று வழிகளையும் ஒப்பிடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

இங்கேயே இருந்து பார்ப்பது

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிறைய பேருக்கு இது ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. இன்றைக்கு ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு என்று விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டுகிறோம் இல்லையா, அதில் பிரசவம் சேரும், ஐவிஎஃப் சேராது. 2017 ஆகஸ்ட் 21-லிருந்து இங்கிலாந்தில் இதுதான் விதி. ஐஎல்ஆர் என்ற நிரந்தரமாகத் தங்கும் உரிமை வந்த பிறகுதான் என்எச்எஸ், அதாவது அரசு மருத்துவச் சேவையின், செலவில் ஐவிஎஃப் என்ற பேச்சே. ஐஎல்ஆருக்குப் பெரும்பாலோர் குறைந்தது ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், முப்பத்தைந்தைத் தொட்ட பெண்ணுக்கு ஐந்து வருஷம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐஎல்ஆர் இருந்தாலும் எல்லாம் சுலபமாக நடந்துவிடாது. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மூன்று முழு சைக்கிள் தரலாம் என்பது என்எச்எஸ் சிகிச்சைகளுக்குப் பரிந்துரை தரும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்வது. ஸ்காட்லாந்தில் அது நடக்கிறது, இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் ஒன்றுதான். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 30-க்குக் கீழே இருக்க வேண்டும், இரண்டு பேரில் யாருக்கும் ஏற்கெனவே குழந்தை இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஏரியாவும் தனக்கென்று நிபந்தனை வைத்திருக்கிறது. தெரு மாறினால் விதி மாறும். இந்தக் காத்திருப்பு ஒரு தனி வேதனை. கடிதம் வரும், இன்னொரு ரத்தப் பரிசோதனை என்பார்கள், ரிப்போர்ட் தொலைந்துவிட்டது என்பார்கள், மறுபடி கடிதம் வரும். கோபப்படவும் ஆள் இருக்காது, ஏனென்றால் போனை எடுக்கும் ஒவ்வொருவரும் தன்மையாகத்தான் பேசுவார்கள்.

சரி, சிகிச்சை ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே இருக்கும் பெரிய நிம்மதி, சொந்த வீடு. ஊசி நம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அழ வேண்டும் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருப்பார். கிளினிக்கில் கவுன்சலிங் உண்டு, தானமுட்டை அல்லது தான விந்து என்றால் அதைக் கண்டிப்பாக முன்வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு கிளினிக்கின் வெற்றி விகிதத்தையும் எச்எஃப்இஏ தளத்தில் வயது வாரியாகப் பார்க்கலாம். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கிளினிக்குகள் சேர்க்கும் விசேஷ சிகிச்சைகளுக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பதையும் நிறம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ‘நம்மை ஏமாற்றுகிறார்களோ’ என்ற பயம் பாதி குறையும், அந்தப் பயம் குறைவது மனசுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வேறு இடத்துக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் தனிமை இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கருவை வைத்து இரண்டு வாரம் கழித்து, பெரும்பாலான கிளினிக்குகளில், சிறுநீர்ப் பரிசோதனையை நாமே வீட்டில் செய்துவிட்டு அவர்களுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். காலை ஆறரை மணிக்குப் பாத்ரூமில், கரு நிற்கவில்லை என்று காட்டும் ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு டீம் மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்து ‘குட் மார்னிங்’ சொல்வது இந்த ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஆபீஸில் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டோம். ஐவிஎஃப்புக்கென்று தனி விடுமுறை உரிமை இங்கே கிடையாது. ஆனால் கருவை வைத்த பிறகு வேலையிடத்தில் கர்ப்பிணிக்கு இருக்கும் பாதுகாப்பு நமக்கும் உண்டு, தோற்றுப்போனது தெரிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடரும். இது நம்மில் பலருக்குத் தெரியாது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பக்கத்தில் இல்லை. அம்மாவுக்குச் சொல்லவும் இல்லை, சொன்னால் தூங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, ‘குளிர் ஜாஸ்தியா இருக்கு, அதான் டல்லா தெரியிறேன்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம்.

சென்னைக்குப் போவது

சென்னைக்குக் கிளம்பும் எல்லோருக்கும் முதல் காரணம் பணம், இரண்டாவது காரணம் அம்மா. இரண்டாவது காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

மருத்துவத்தில் சென்னை சளைத்த ஊர் இல்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-ல் சென்னையில்தான் பிறந்தது, அன்றிலிருந்து கை பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். இன்று போன் செய்தால் நாளை டாக்டரைப் பார்க்கலாம். காத்திருந்து காத்திருந்து நொந்துபோனவர்களுக்கு இந்த வேகமே ஒரு மருந்து. வலி எப்படி இருக்கிறது, எங்கே பிடித்து இழுக்கிறது என்பதைத் தமிழிலேயே சொல்லி அழலாம். நர்ஸ், ‘ஒண்ணும் இல்லம்மா, மூச்ச இழுத்து விடுங்க’ என்று கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கை எனக்கு லண்டனில் கிடைக்கவில்லை, அதை நான் மறக்கப் போவதும் இல்லை.

ஆனால் அந்தக் காத்திருப்புக் கூடம்! காலை ஏழரைக்கே நிரம்பிவிடும். ஒவ்வொரு பெண்ணுடனும் அம்மாவோ மாமியாரோ, மடியில் தடித்த ஃபைல். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் பரவாயில்லை, சில இடங்களில் பெயரையும் சேர்த்து, ‘இன்னிக்கு முட்டை எடுக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க’ என்று சத்தமாகக் கூப்பிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் அம்மா, ‘எத்தன வருஷம் ஆச்சு? யாருக்குப் பிரச்சினை, உனக்கா, அவருக்கா?’ என்று கேட்டுவிடுவார். கெட்ட எண்ணமே கிடையாது, தன் மகள் கதையையும் அடுத்த நிமிஷமே சொல்லிவிடுவார். சிலருக்கு இந்தக் கூட்டம் ஆறுதலாக இருக்கிறது, நாம் மட்டும் இல்லை என்று தெரிகிறது. சிலருக்கு அங்கே உட்காருவதே தாங்காது. நீங்கள் எந்த ரகம் என்று யோசித்துப் பாருங்கள், இது சின்ன விஷயம் இல்லை, சிகிச்சை முடியும்வரை இரண்டு நாளைக்கு ஒரு தரம் அங்கேதான் உட்காரப் போகிறீர்கள்.

அப்புறம் வீடு. பிறந்த வீடோ, புகுந்த வீடோ, அக்கா வீடோ, யாரோ ஒருவர் வீட்டில்தான் தங்குவோம். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் தயிருக்கும் இட்லி மாவுக்கும் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊசிப் பேனாவை ஒளித்துவைத்து, அக்கா பிள்ளை ‘சித்தி, இது என்ன?’ என்று கேட்டால் சுகர் மருந்து என்று சொல்லி, சாயங்காலம் சரியாக அதே மணிக்கு ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்வோம். வந்திருக்கும் காரணம் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு ‘லீவுக்கு வந்திருக்கிறார்கள்’. லீவுக்கு வந்தவர்கள் கல்யாணத்துக்கு வர வேண்டும், வளைகாப்புக்கு வர வேண்டும். வயிறு உப்பி, நடந்தாலே வலிக்கும் நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒருத்தியின் வளைகாப்பில் போய் நின்று, அங்கே ஒரு பெரியம்மா ‘என்னடி, விசேஷம் ஒண்ணும் இல்லையா இன்னும்?’ என்று கேட்பதைச் சிரித்துக்கொண்டே கடக்க வேண்டும். லண்டனில் இந்தக் கேள்வி போனில் வரும், நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடலாம்.

கோயிலும் உண்டு. பாபநாசம் பக்கத்துத் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய் 48 நாள் சாப்பிடச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோயிலுக்குப் போனது பிடித்திருந்தது, அந்த அம்மன் முன்னால் நின்ற அரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கம் கார் பயணம், அங்கிருந்து இன்னொரு பரிகாரம், இன்னொரு ஜோசியர் என்று போக ஆரம்பித்தால் உடம்பு தாங்காது. போக வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் போங்கள். அனுப்பிவைக்கிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள்.

கருவை வைத்த பிறகு இரண்டு வாரம் இருக்கிறதே, அதுதான் சென்னையில் ரொம்பக் கஷ்டம். மாடி ஏறாதே, குனியாதே, பப்பாளி வேண்டாம், அன்னாசி வேண்டாம், படுத்தே இரு. படுக்கையிலேயே கிடப்பதால் கரு ஒட்டும் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்லியாயிற்று, டாக்டரும் நடமாடச் சொல்வார், வீட்டில் கேட்க மாட்டார்கள். அத்தனை கவனிப்பும் பாசத்தில்தான் வருகிறது. ஆனால் ரிசல்ட் ‘நெகட்டிவ்’ என்று வந்தால், அன்றைக்கு நீ எழுந்து துணி காயப்போட்டாயே என்று யாரோ ஒருவர் சொல்வார், அல்லது சொல்லாமல் பார்ப்பார். ‘டென்ஷன் ஆனதாலதான் நிக்கல’ என்பது அதைவிடக் கொடுமை. இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி போய்வின் குழு 14 ஆய்வுகளை, மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்து 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலை, அந்த சைக்கிளில் கரு நிற்பதையோ நிற்காததையோ தீர்மானிக்கவில்லை என்பதுதான் முடிவு. அழுததால் போகவில்லை. பயந்ததால் போகவில்லை. இதை எழுதி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட முடியாது, ஆனால் உங்கள் மனசுக்குள் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ரிசல்ட் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வரும். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானத்துக்குள் போன் அதிரும், பீட்டா எச்சிஜி, கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன், என்று எழுதி எதிரே ஒரு எண். அப்போது வீட்டுக்காரர் எங்கே இருப்பார்? அநேகமாக லண்டனில். ஏனென்றால் முட்டை எடுக்கும் நாளுக்கு வந்து விந்து கொடுத்துவிட்டு லீவு முடிந்து திரும்பியிருப்பார். இங்கிலாந்தில் சட்டப்படி வருஷத்துக்கு லீவே 28 நாள், பொது விடுமுறையும் அதற்குள் அடங்கிவிடலாம். ஊசி ஆரம்பிப்பதிலிருந்து ரிசல்ட்வரை ஐந்து வாரம் ஆகும். இரண்டு பேருமே முழுக்க இருப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்காது.

ஆண்களைப் பற்றி ஒரு பத்தி

இந்தப் பேச்சில் ஆண்களை யாரும் கேட்பதில்லை. விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே ஒரு சின்ன அறைக்குள் டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறார்கள், வெளியே மாமனார் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே முடியாமல் போனால் மொத்த சைக்கிளும் வீண் என்ற பயம் வேறு. இதற்காகவே முன்கூட்டி ஒரு சாம்பிளை உறையவைத்து வைக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், அது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். குறை அவர் பக்கம் இருந்தால் இன்னும் மோசம். ஊசி குத்திக்கொள்வது அவள், கேள்வி கேட்கப்படுவது அவள், தன்னால்தான் என்று தெரிந்தும் எல்லார் முன்னாலும் சொல்ல வாய் வராமல் இருப்பது அவர். வெயில் காலத்தில் நாலரை மணி நேரம், குளிர் காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரில், ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கும் அந்த நாள் அதே நாள்தான்.

ஸ்பெயின், கிரீஸ் பக்கம் போவது

சொந்த முட்டை இருப்பவர்கள் இந்தப் பக்கம் போவது குறைவு. தானமுட்டை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்தப் பேச்சு வரும். முட்டை கொடுப்பது வேறொரு பெண் என்பதால் நமக்கு ஊசி குறைவு, கருப்பைச் சவ்வின் ஸ்கேனை லண்டனிலேயே எடுத்து அனுப்பிவிட்டு, கருவை வைக்கும் நேரத்தில் ஒரு வாரம் போய்வந்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படித்தான் ஸ்பெயினில் இருக்கும் அலிகாண்டே போனார்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், கடற்கரையில் நடந்தோம், எங்கள் இருவருக்கும் அது ஹனிமூன் மாதிரி இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். விமானம் ஏறி மூன்று மணி நேரத்தில் வீடு. ‘இல்லை’ என்ற பதில் வந்தால் சொந்தக் கட்டிலில் விழுந்து அழலாம், வீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பார். நான் முதலில் கேட்ட கேள்விக்கு மட்டும் பார்த்தால், மூன்றில் இதுதான் லேசானது.

பாரம் பின்னால் வருகிறது. ஸ்பெயினில் 2006-ஆம் வருஷச் சட்டப்படி முட்டை கொடுத்தவர் யார் என்று கடைசிவரை தெரியாது. போட்டோ கிடையாது, நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது, நிறம், உயரம், ரத்த வகை பார்த்து கிளினிக்கே முடிவு செய்யும். தெற்காசியப் பெண்களின் முட்டை அங்கே அரிது. பெயர் வைக்கும் அன்று தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று பேசாத தமிழ் வீடு இருக்கிறதா? அந்தப் பேச்சு நடக்கும்போது அந்த அறையில் இரண்டே பேருக்கு உண்மை தெரியும். அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்க முடியுமா, தாத்தா பாட்டிக்குச் சொல்லப் போகிறோமா, குழந்தைக்கு எப்போது சொல்வோம் என்பதையெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்னால் பேசியிருக்க வேண்டும். அலிகாண்டே போனவர்களுக்கு அதைப் பேச ஒருவரும் கிடைக்கவில்லை. ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மருந்து அட்டவணையும் பில்லும் மின்னஞ்சலில் ஒழுங்காக வந்தன, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு தானம் கொடுத்தவரின் அடையாளத்தை, குழந்தை 18 வயதானதும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சட்டத்தின் கீழ் பிறந்த முதல் பிள்ளைகள் 2023 கடைசியில் பதினெட்டைத் தொட்டார்கள். என் மனசுக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது, தன் வேர் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே நம் நிறத்தில், நம் ஜாடையில் தானம் தருபவர்கள் மிகக் குறைவு, காத்திருப்பு நீளம்.

சென்னையில் ஜாடை பொருந்தும், பெயர் தெரியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் ஏஆர்டி (கருத்தரிப்பு உதவிச் சிகிச்சை) சட்டத்தில், ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறைதான் முட்டை தானம் தரலாம், 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. கொடுக்கும் பெண்களின் உடம்பைக் காப்பாற்ற வந்த விதி இது, நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன், இதற்கு முன்னால் ஏழைப் பெண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டிவந்த கொடுமை கொஞ்சமில்லை. அதனால் தானமுட்டை முன்பு மாதிரி உடனே கிடைப்பதில்லை. சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் இருக்கிறது. கிரீஸில் பெண்ணுக்கு 54 வரை அனுமதி.

பாதி அங்கே, பாதி இங்கே

சிலர் சென்னையில் முட்டை எடுத்து, கருவாக்கி, உறையவைத்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த லீவில் போய் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே மூச்சில் ஐந்து வாரம் வேண்டாம், உடம்புக்கும் இடைவெளி கிடைக்கும். விசாவில் இருப்பவர்களுக்கு எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்ற ஐஎல்ஆர் கணக்குக்கும் இது தோதாக வரும்.

மனசுக்கு இதில் ஒரு விசித்திரமான வேதனை உண்டு. நம் கரு ஒரு ஊரில் நைட்ரஜன் தொட்டியில், நாம் இன்னொரு ஊரில். சென்னையில் மழை வெள்ளம் என்று செய்தி பார்த்தால் முதலில் அந்த லேப்தான் ஞாபகம் வரும், அப்புறம்தான் வீடு. உறையவைத்த கருவை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவர அந்த ஏஆர்டி சட்டம் சொல்லும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அங்கே பத்து வருஷம்வரைதான் வைத்திருக்கலாம், இங்கிலாந்தில் 2022 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பத்து வருஷமும் சம்மதத்தைப் புதுப்பித்து 55 வருஷம்வரை வைக்கலாம். சென்னையில் உறையவைத்தால் சென்னைக்குத் திரும்பிப் போயாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உறையவையுங்கள்.

சரி, யார் எங்கே போகலாம்?

ஐஎல்ஆர் அல்லது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்து, வயது முப்பத்தைந்துக்குக் கீழே என்றால், என்எச்எஸ் சைக்கிளை எடுக்காமல் ஊருக்கு ஓடாதீர்கள். காத்திருப்பு எரிச்சலாக இருக்கும், ஆனால் முதல் அனுபவம் சொந்த வீட்டில் நடக்கட்டும், உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது, மனசு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள அதுதான் நல்ல இடம். தனிமைக்கு ஃபெர்ட்டிலிட்டி நெட்வொர்க் யுகே என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன, தமிழில் பேச முடியாதுதான், ஆனாலும் போய் உட்காருங்கள்.

விசாவில் இருப்பவர்கள், அல்லது வயது ஓடிக்கொண்டிருப்பவர்கள், சென்னைக்குப் போகலாம். ஆனால் உறவினர் வீட்டில் தங்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கிளினிக்குக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுங்கள், பணம் மிச்சம் பிடிக்கத்தான் ஊருக்குப் போகிறோம் என்று தெரியும், அந்த மிச்சத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். அம்மா வந்து இருக்கட்டும், அம்மா மட்டும். காரணம் தெரிந்தவர்கள் நாலு பேருக்கு மேல் வேண்டாம், ரிசல்ட்டை அவர்களுக்கு யார் சொல்வது என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும். ஹோர்டிங்கில் போடும் வெற்றி சதவீதத்தைப் பார்த்து நம்பிக்கையை ஏற்றிக்கொள்ளாதீர்கள், அது கரு நின்றதன் சதவீதமா, குழந்தை பிறந்ததன் சதவீதமா, எந்த வயதுக்கு என்று டாக்டரிடம் நேரே கேளுங்கள். வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று விளக்கிச் சொல்வது அவர்கள் கடமை என்று அங்கேயும் சட்டம் சொல்கிறது.

வீட்டுக்காரர் ஒரு கட்டத்துக்குத்தான் வர முடியும் என்றால் எந்தக் கட்டத்துக்கு வருவது என்று எல்லோரும் கேட்பார்கள். முட்டை எடுக்கும் நாளுக்கு என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். சாம்பிளை முன்கூட்டியே உறையவைக்க முடிந்தால், அவர் அந்த லீவைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ரிசல்ட் வரும் நாளில்தான் அவர் தேவை.

தானமுட்டைக்கு ஸ்பெயினா, சென்னையா, இங்கேயா என்பதில் நான் யாருக்கும் வழி சொல்ல மாட்டேன். குழந்தைக்கு உண்மையைச் சொல்வோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் இங்கே காத்திருப்பது நல்லது என்பது மட்டும் என் கருத்து. சொல்ல மாட்டோம் என்று முடிவு செய்பவர்கள், டிஎன்ஏ டெஸ்ட் கிட் ஆன்லைனில் விற்கும் காலம் இது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நிறுத்திக்கொள்வதும் ஒரு தேர்வுதான், அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எவ்வளவு பணம்வரை, எந்த வயதுவரை என்று இருவரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். எல்லாம் முடிந்து அழுதுகொண்டிருக்கும்போது அடுத்த சைக்கிளுக்குப் பேக்கேஜ் தள்ளுபடி என்று ஒரு மெசேஜ் வரும், அன்றைக்கு யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

டிக்கெட் போடும்போது, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். காலையில் ரிசல்ட், ராத்திரி விமானம் என்று வைக்கவே வைக்காதீர்கள், நடுவில் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். ‘உண்டு’ என்று வந்தாலும் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தப் பரிசோதனை வேண்டும். கரு நிலைக்கத் தொடர வேண்டிய ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தைச் சில ஜிபிகள் எழுதித் தர மறுப்பார்கள், அதனால் பன்னிரண்டு வாரம் வரைக்கும் ஆகும்படி டாக்டர் சீட்டோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். ‘இல்லை’ என்று வந்தால், ஹீத்ரோவில் இறங்கிய மறுநாளே ஆபீஸ் என்று இல்லாமல், லீவை ஒரு வாரம் கூடவே சொல்லி வாங்கிவைத்திருங்கள். மேனேஜரிடம் மெடிக்கல் என்ற ஒரு வார்த்தை போதும், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.